பி அணியில் இடம் கிடைத்த பிள்ளையின் பெற்றோருக்கு: காரைக்குடி வட்டாரக் கால்பந்துக் கழக வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் வட்டாரத்தில் பிள்ளையைக் கால்பந்துக் கழகத்தில் சேர்க்கும் பெற்றோர் பலர், அணித் தேர்வு முடிந்து ‘பி டீம்’, அதாவது இரண்டாம் அணி என்று சொல்லப்பட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். சிலர் அன்றைக்கே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். சிலர் வேறொரு கழகத்தில் கூடுதல் பணம் கட்டி ஏ அணியில் இடம் தேடுகிறார்கள். என் மகன் இரண்டாம் அணியில் ஆடத் தொடங்கியபோது எந்தச் சான்று வேண்டும், எவ்வளவு செலவாகும், அவனுக்கு ஆட வாய்ப்புக் கிடைக்குமா என்பதையெல்லாம் யாரிடம் கேட்பதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஓரமாக உட்கார வைக்கும் ஏ அணியைவிட, ஒழுங்காக நடத்தப்படும் பி அணி மேலானது.

1. அணியின் எழுத்தை விட்டுவிட்டு, களத்தில் நிற்கும் நிமிடங்களைக் கணக்கிடுங்கள்

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். பகுதிக்கு 25 நிமிடம் வீதம் 50 நிமிடம் நடக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஏ அணியின் பட்டியலில் 18 பேர். களத்தில் 11 பேர். கோப்பையை வெல்ல வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் பயிற்றுநர், பட்டியலின் கடைசியில் இருக்கும் பிள்ளையை ஆட்டம் முடியும் தறுவாயில் ஐந்து நிமிடம் இறக்குவார். பன்னிரண்டு ஆட்டம் நடந்தால் அவன் ஆடியது 60 நிமிடம். பி அணியின் பட்டியலில் 13 பேர் மட்டும் இருந்து, எல்லாரும் முறைவைத்து ஆடினால், ஒருவருக்குச் சராசரியாக 42 நிமிடம் வரும். அதே பன்னிரண்டு ஆட்டத்தில் 500 நிமிடத்தைத் தாண்டும். பந்து தன் காலுக்கு வரும் அந்த நொடியில் என்ன செய்வது என்பதைப் பிள்ளை இந்த நிமிடங்களில்தான் கற்கிறது. வெளியே உட்கார்ந்து பார்ப்பதால் அது வருவதில்லை.

எனவே சேருவதற்கு முன் பயிற்றுநரிடம் சில கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். பட்டியலில் எத்தனை பேர்? சென்ற பருவத்தில் பி அணி எத்தனை ஆட்டம் ஆடியது? ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டமாவது கிடைக்குமா? வெளியே வந்தவர் மீண்டும் இறங்கலாமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. கால்பந்தின் விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பு, இளையோர் ஆட்டங்களில் வெளியே வந்தவரை மீண்டும் இறக்க அனுமதிக்கும் உரிமையைத் தேசியச் சங்கங்களுக்கு விட்டிருக்கிறது. ஆனாலும் போட்டிக்குப் போட்டி விதி மாறும் என்பதால், போட்டிக்கான துண்டறிக்கையை வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பதினொருவராக ஆட வைப்பதைவிட, ஏழு பேர் அல்லது ஒன்பது பேர் கொண்ட ஆட்டமே அவர்களுக்குப் பொருந்தும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த வயதினருக்கு எழுவர், ஒன்பதின்மர் ஆட்டங்களையே பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அமெரிக்காவிலும் 2017 முதல் இதே ஒழுங்குதான். இவ்வகைச் சிற்றாட்டங்களுக்குப் போகும் பி அணி நம் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

2. வயதுப் பிரிவைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

கால்பந்துச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் வயதுப் பிரிவு பெரும்பாலும் ஜனவரி 1ஆம் தேதியை வைத்தே பிரிக்கப்படுகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் வருவார்கள். பதினொரு வயதில் இந்தப் பதினொரு மாத இடைவெளி உயரத்திலும் ஓட்டத்திலும் வெளிப்படையாகத் தெரியும். தேர்வு நாளில் பெரிய உடம்புக்காரர்கள் ஏ அணிக்குப் போவதும், ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்கள் பி அணிக்கு வருவதும் உலகம் முழுவதும் கவனிக்கப்பட்ட ஒன்று. உங்கள் பிள்ளை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிறந்திருந்தால், பி அணி என்ற முடிவை அவனுடைய திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உடல் வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதுமில்லை. ஜேமி வார்டி பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, கீழ்மட்ட அணிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடிய பிறகுதான் 2012இல் லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2015-16 பருவத்தில் அந்த அணி பிரீமியர் லீக்கை வென்றபோது தொடர்ந்து பதினொரு ஆட்டங்களில் கோல் போட்டவர் அவரே. எல்லாப் பிள்ளைகளும் வார்டி ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. பதினொரு வயதில் ஒருவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போட்ட பட்டியல் நெடுங்காலத்துக்கு நிற்காது என்பதற்கு அது போதுமான சான்று.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் நண்பர்கள் ஒரே வயதுப் பிரிவில் வராமல் போகலாம். ‘அவன் ஆடுகிறான், நான் ஏன் ஆடக்கூடாது’ என்று பிள்ளை கேட்கும். தேதியைக் காட்டி முன்பே விளக்கிவிடுங்கள். ‘வயதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் ஏ அணியில் போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே விலகுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கும் சோதனை நடத்தப்படுகிறது. அங்கே பிடிபட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். யோசனை சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது.

3. ஆவணங்களைத் தேர்வு முகாமுக்கு முன்பே தயார் செய்யுங்கள்

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பி அணிக்கு இவ்வளவு தாள் எதற்கு என்று தோன்றும். ஆனால் ஏ அணியில் ஒருவர் காயம்பட்டு, உங்கள் பிள்ளையை அடுத்த வாரப் போட்டிக்கு அழைக்கும்போது, சான்றிதழ் சரியில்லாமல் வாய்ப்பு நழுவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ்: முதலில் அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் பிறந்தவுடன் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். ‘ஆண் குழந்தை’ என்றோ ‘பெண் குழந்தை’ என்றோ மட்டும் இருக்கும் சான்றிதழை எந்தப் போட்டியிலும் ஏற்க மாட்டார்கள். பெயரைப் பின்னர் சேர்க்கலாம். பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணமில்லை, அதன் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். இதில் நம் ஊர் வழக்கத்தால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும். பிள்ளை வளர்வது காரைக்குடியில் என்றாலும், பதிவு இருப்பது மதுரையிலோ திருப்பத்தூரிலோ அறந்தாங்கியிலோ இருக்கலாம். எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊருக்கான பிறப்புப் பதிவு அலுவலகத்தில்தான் பெயரைச் சேர்க்க முடியும். ஒரு நாள் வேலை என்று நினைத்துப் போகாதீர்கள், சில வாரங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால், பெரும்பாலான சான்றிதழ்களை அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஆதார்: பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, தந்தை பெயர் முழுதாக இருக்கிறதா, ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை வாழ்நாளில் ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்த பிறகே அங்கே போங்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வயதுப் புதுப்பித்தலைச் செய்யாமலே பத்து வயதை எட்டிய பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அஞ்சலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ள ஆதார் மையங்களில் மே, ஜூன் மாதங்களில் பள்ளிச் சேர்க்கைக் கூட்டம் அலைமோதும். அதற்கு முன்பே போய்விடுங்கள்.

பள்ளிச் சான்று: தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்ட, ஒட்டிய புகைப்படத்தின் மேலும் முத்திரை படிந்த சான்று வேண்டும். அதில் பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நாள்களில் கேட்டால் கிடைப்பது கடினம்.

மருத்துவத் தகுதிச் சான்று: பதிவு பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். பயிற்றுநருக்கும் தெரிய வேண்டும்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம்: நம் பக்கத்தில் தந்தை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. படிவத்தில் தந்தை கையொப்பம் என்று அச்சிட்டிருந்தாலும் தாயின் கையொப்பத்தை ஏற்பார்களா என்று சேரும் அன்றே கேட்டு, ஏற்பார்கள் என்றால் தாயின் ஆதார் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தாத்தா, பாட்டி பொறுப்பில் வளரும் பிள்ளையானால், அவர்களுக்குப் பொறுப்பளிக்கும் கடிதமொன்றை இருவரும் எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருங்கள்.

அசல் எதையும் கழகத்திடம் விட்டுவர வேண்டாம். காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். ‘அசலை அலுவலகத்தில் வைத்திருப்போம்’ என்று சொல்லும் இடத்தில், கழகம் மாற விரும்பும் நாளில் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடாகிவிடும்.

4. செலவு: கட்டணத்தைவிட அதைச் சுற்றியிருப்பவற்றைக் கேளுங்கள்

மாதக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஏ அணிக்கும் பி அணிக்கும் ஒரே கட்டணம் வாங்கினால், பயிற்சி நாள்களும் பயிற்றுநர் நேரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை. சேர்க்கைக் கட்டணம், சீருடை, போட்டி நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, மதிய உணவு ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓர் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் பருவத்தில் மாதா மாதம் கட்டுவதே பாதுகாப்பு.

பி அணியின் பெரிய இலாபம் பயணத்தில் இருக்கிறது. ஏ அணி மதுரைக்கும் திருச்சிக்கும் போகும். இரண்டும் நமக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி இரவில் திரும்ப வேண்டும், உடன் ஒரு பெரியவரும் போக வேண்டும். பி அணி பெரும்பாலும் தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை, புதுக்கோட்டை என்று அரைநாளில் முடிந்துவிடும் ஊர்களுக்குத்தான் போகும். கூடுதல் பணமில்லாத குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

பொருள்களில் அவசரப்பட்டு விலையுயர்ந்ததை வாங்காதீர்கள். நம் மைதானங்கள் சரளை கலந்த செம்மண். புல்தரைக்கான நீண்ட ஸ்டட் (அடியில் இருக்கும் குமிழ்) வைத்த பூட் இங்கே சீக்கிரம் தேயும், பாதமும் வலிக்கும். குட்டையான ரப்பர் ஸ்டட் உள்ள, ஆயிரம் ரூபாயை ஒட்டிய பூட் தொடக்கத்துக்குப் போதும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை பந்தைத் தொடவே தடுமாறும். ஷின் கார்டு (முன்காலைக் காக்கும் தகடு) விதிப்படி கட்டாயம். காலுறை அதை முழுதாக மூட வேண்டும். வீட்டில் பழக ஒரு பந்து வேண்டும்: ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண். ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். சிறுவனின் காலுக்கு அது கனம்.

நகை விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். கழுத்துச் சங்கிலி, காப்பு, கம்மல், மோதிரம் எதையும் அணிந்து ஆட விதி இடம் தருவதில்லை. பிளாஸ்திரி ஒட்டி மறைப்பதையும் ஏற்பதில்லை. கோயில் கயிற்றைக் கூட நடுவர் கழற்றச் சொல்லலாம். மகளைச் சேர்க்கும் பெற்றோர், காது குத்தும் விழாவைப் போட்டிப் பருவத்துக்கு நடுவில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. புதிதாகக் குத்திய காதில் கம்மலைக் கழற்ற முடியாமல் பிள்ளை வாரக்கணக்கில் வெளியே உட்கார நேரும்.

5. எப்போது சேர்ப்பது

என் கருத்தில் ஜூன் மாதமே சரியான நேரம். ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்களில் நடத்தும் கோடைக்கால முகாமுக்கு அனுப்பிப் பிள்ளைக்கு இந்த ஆட்டம் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் கழகங்களில் பட்டியல் போடுவார்கள். குறுவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளும் அதையொட்டியே தொடங்கும். பள்ளி அணிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் வருகைப் பதிவு) கிடைக்கும், கழகப் போட்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே வேலைநாளில் நடக்கும் கழகப் போட்டிக்கு அனுப்புமுன் வகுப்பாசிரியரிடம் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மைதானம் பல நாள் சேறாகக் கிடக்கும். அந்த வாரங்களுக்குக் கட்டணம் எப்படி என்று சேரும்போதே கேளுங்கள். தையில் பழநிப் பாதயாத்திரையும் சிராவயல் மஞ்சுவிரட்டும், மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவும் வரும்போது பாதி அணி வராது. பிள்ளை விரதமிருந்து பால்குடம் எடுப்பதானால் பயிற்றுநருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அந்த வாரம் ஓட்டப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு வெயிலில் ஓட விடக் கூடாது.

6. நல்ல பி அணியையும் பெயரளவு பி அணியையும் பிரித்தறியுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் ஒழுங்காக நடத்தப்படும் இரண்டாம் அணிக்கே பொருந்தும். கட்டணம் வாங்குவதற்காக மட்டும் வைத்திருக்கும் பி அணிகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளையை விடுவதில் பயனில்லை. சேர்ப்பதற்கு முன் முன்னறிவிப்பில்லாமல் இரண்டு மாலை போய் வேலியோரம் நின்று பாருங்கள். பயிற்றுநர் பி அணியோடு நிற்கிறாரா, அல்லது மூத்த பையன் ஒருவனிடம் விசிலைக் கொடுத்துவிட்டு ஏ அணிப் பக்கம் போய்விடுகிறாரா? எத்தனை பந்து இருக்கிறது? இருபது பிள்ளைக்கு இரண்டு பந்து என்றால் பெரும்பாலான நேரம் வரிசையில் நிற்பதிலேயே போகும். தவறு செய்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள்? சென்ற ஆண்டு பி அணியில் இருந்தவர்களில் யாராவது ஏ அணியில் ஆடுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தால் அந்தக் கழகத்தை நம்பலாம்.

நல்ல இரண்டாம் அணியில் கிடைப்பது ஏ அணியில் எளிதில் கிடைக்காது. முடிவின் நெருக்கடி குறைவு என்பதால் பயிற்றுநர் ஒரு மாதம் தடுப்பிலும், ஒரு மாதம் நடுக்களத்திலும், ஒரு மாதம் முன்னணியிலும் ஆட வைப்பார். கோல் கீப்பராக நிற்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும். இடது காலால் உதைக்கத் தெரியாதவன், தோற்றாலும் பரவாயில்லை என்று ஓர் ஆட்டம் முழுதும் இடது காலால் முயன்று பார்க்கலாம். பேசாத பிள்ளைக்கு அணித்தலைவர் கைப்பட்டை கிடைத்து, சத்தம் போட்டு ஆட்டக்காரர்களை அவரவர் இடத்தில் நிறுத்தப் பழகுவதையும் கண்டிருக்கிறேன். தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு மோதி அடிவாங்கும் அபாயமும் இங்கே குறைவு.

சான்றிதழ் ஆசை காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளூர் அழைப்புப் போட்டியில் தரும் சான்றிதழ் பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும், சுவரில் மாட்டலாம். கல்லூரியிலோ அரசுப் பணியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது உதவும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு எந்தப் போட்டிகள் கணக்கில் வரும் என்பதை அரசு விதிகளே வரையறுக்கின்றன. உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

7. முதல் மூன்று மாதம் வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளையிடம் முதலில் பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். ‘இரண்டாம் அணிதானா’ என்று உறவினர் யாராவது கேட்கும்போது நீங்கள் கூசினால் பிள்ளையும் கூசும். ஆட்டம் முடிந்து வந்ததும் எத்தனை கோல் என்று கேட்காமல், எத்தனை நிமிடம் ஆடினாய், எந்த இடத்தில் நின்றாய், புதிதாக என்ன முயன்றாய் என்று கேளுங்கள். ஒரு பழைய நோட்டில் தேதி, நிமிடம், நின்ற இடம் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். பருவ நடுவில் பயிற்றுநரிடம் பேச நேர்ந்தால் அந்த நோட்டே பேசும்.

வளரும் வயதில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வருவது உண்டு. கெட்டித் தரையில் தினமும் ஓடினால் அது கூடும். எண்ணெய் தடவி மறுநாளும் அனுப்பிவிடாமல், வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலம் வரை ஓய்வு கொடுங்கள். பி அணியில் இடம் போய்விடுமே என்ற பயம் குறைவு என்பது இந்த ஓய்வைக் கொடுக்கவும் உதவும்.

8. மேலணிக்கு அழைப்பு வந்தால், அல்லது கழகம் மாற நினைத்தால்

பருவ நடுவில் ஏ அணிக்கு அழைத்தால் உடனே சரி என்று சொல்லாமல் இரண்டு விவரம் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் போட்டியில் பி அணிக்காகப் பெயர் பதிந்த பிள்ளை, அதே போட்டியில் வேறு அணிக்கு ஆடலாமா? பல போட்டிகளில் ஆட முடியாது. பட்டியலில் மட்டும் பெயர் ஏறி, இரண்டு அணியிலும் ஆடாமல் பிள்ளை நிற்க நேரும். ஏ அணியில் அவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? வெறும் மாற்று ஆட்டக்காரன் என்றால், பயிற்சியை ஏ அணியோடும் ஆட்டத்தைப் பி அணியோடும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல பயிற்றுநர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

கழகம் மாறுவதானால் பருவம் முடியும்வரை பொறுத்து மாறுங்கள். கூட்டமைப்பின் பதிவு முறையில் பிள்ளையின் பெயர் கழகத்தின்மேல் ஏறியிருந்தால், பழைய கழகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் புதிய கழகத்துக்கு ஆட முடியாமல் போகலாம். நிலுவைக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், சான்றைக் கடிதத்தாளில் முத்திரையோடு கேளுங்கள், உங்கள் விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். ஏப்ரல் இறுதியில் விண்ணப்பித்தால் ஜூனில் புதிய பட்டியல் போடுவதற்குள் சான்று கைக்கு வந்துவிடும்.